500 கேலன் வினிகர்

வணக்கம் நேயர்களே. டிகிரி முடித்துவிட்டு எம்.பி.ஏ. சேரலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நிலையத்தார் சொன்னார்கள். அதனால் ஒரே ஒரு பாடத்தைப் பற்றிப் பேசுகிறேன். மேலாண்மை அறிவியல், அளவுசார் முறைகள், செயல்பாட்டு ஆராய்ச்சி என்று பல பெயர்களில் அது பாடத்திட்டத்தில் வரும். ஆள், பொருள், பணம், நேரம் இவற்றை எப்படிப் பயன்படுத்தினால் நல்லது என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கும் பாடம் அது. ஆங்கிலத்தில் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச், பிள்ளைகள் வாயில் ஓ.ஆர். அரியர் விழும் என்று சீனியர்கள் பயமுறுத்தும் பேப்பர் அதுதான்.

நான் படித்த காலத்தில் போக்குவரத்துக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று ஆலை, நான்கு கிடங்கு, எந்த ஆலையிலிருந்து எந்தக் கிடங்குக்கு எத்தனை டன் அனுப்பினால் செலவு குறையும்? கட்டம் போட்டு, முதல் விடை கண்டுபிடிக்க உதவும் வோகல் முறையில் ஆரம்பித்து, முழு மதிப்பெண் வாங்கிவிடுவேன். பல வருடம் கழித்துக் காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலைக்காரர் என் கட்டத்தைப் பார்த்துவிட்டு, “சார், வாடகை டன்னுக்கு இல்லைங்க, வண்டிக்கு. பாதி ஏத்தினாலும் முழு வாடகைதான்” என்றார். அந்த ஒரு வரியில் கணக்கே வேறாகிவிட்டது. வகுப்பில் அதை யாரும் கேட்கச் சொல்லித் தரவில்லை. இன்று நான் பாடம் எடுக்கும்போது முதல் நாளே அந்த வாடகைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் துறையே இப்படிக் களத்தில் நடப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டுத்தான் தொடங்கியது. 1941இல் பிரிட்டனில் பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு, விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் மீது போடும் குண்டுகளை ஆராய்ந்தது. குண்டு 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். ஆனால் அவ்வளவு ஆழம் போய்விட்ட கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று விமானிக்குத் தெரியாது. அடிக்க முடிந்ததெல்லாம் நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கும் கப்பலைத்தான். அதற்கோ 100 அடிக்குக் கீழே வெடித்தால் ஒன்றும் ஆகாது. ஆழத்தைக் கடைசியில் 25 அடியாகக் குறைத்தார்கள். குண்டு அதேதான், தாக்குதலின் பலன் பெருகியது.

சரி, சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 1945இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். ஓர் ஆளுக்கு ஒரு வருடம் எந்தச் சத்தும் குறையாமல், மிகக் குறைந்த செலவில் சாப்பாடு எவ்வளவு ஆகும்? 1939 விலைவாசியில் 39 டாலர் 93 சென்ட் என்று ஏறக்குறையக் கண்டுபிடித்தார். அவர் பட்டியலில் கோதுமை மாவு, கெட்டிப் பால், முட்டைக்கோஸ், கீரை, காய்ந்த பீன்ஸ், அவ்வளவுதான். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், இப்படிப் பல நிபந்தனைகளுக்குள் மிகக் குறைந்த செலவைக் கண்டுபிடிக்க உதவும் ‘சிம்ப்ளெக்ஸ்’ என்ற முறையைக் கண்டுபிடித்தார். நம் பிள்ளைகள் முதல் யூனிட்டில் படிப்பது அதைத்தான். அதைச் சோதித்துப் பார்க்க இந்தக் கணக்கையே எடுத்தார்கள். கையால் இயக்கும் கணக்கு இயந்திரங்களோடு 9 எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள். 120 ஆள்நாள் வேலை. விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லர் கையால் போட்டதற்கும் இதற்கும் 24 சென்ட்தான் வித்தியாசம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1950களில் டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதும், டான்ட்சிக் தன் சாப்பாட்டையே கம்ப்யூட்டரிடம் கேட்டார். கலோரி குறைவாக இருக்க வேண்டும், ஆனால் வயிறு நிறைய வேண்டும். வயிறு நிறைவதை எப்படி அளப்பது? உணவின் எடையிலிருந்து அதிலுள்ள தண்ணீரின் எடையைக் கழித்தால் வருவது கூடுதலாக இருக்கட்டும் என்று வைத்தார். கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலில் 500 கேலன் வினிகர் இருந்தது! கிட்டத்தட்ட 1,900 லிட்டர். வினிகரில் தண்ணீரே இல்லை என்று தரவில் பதிவாகியிருந்தது. வினிகரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால், உப்பு நிறைந்த சூப் கட்டிகளைத் தினமும் 200 சாப்பிடச் சொன்னது. உப்புக்கு மேல்வரம்பு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கணக்கில் பிழையே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்ட கேள்விக்கு மிகச் சரியான விடை அது. கேள்வியைச் சரியாக அமைப்பதுதான் இந்தப் படிப்பில் மிகவும் கடினமான பகுதி என்பது என் திடமான கருத்து. நம் தேர்வுகளில் இதற்குத்தான் மதிப்பெண்ணே இல்லை. சமன்பாட்டைக் கொடுத்துவிட்டுத் தீர்க்கச் சொல்கிறோம். தீர்ப்பதை எக்செல் ஒரு நொடியில் செய்துவிடும்.

மல்லிகைப் பூ விற்கிற அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். முழம் 20 ரூபாய்க்கு வாங்கி 30க்கு விற்கிறார். மிஞ்சினால் இரவில் வாடிப்போகும். ‘சராசரியாக எத்தனை முழம் விற்கும்’ என்று கேட்டு அவ்வளவு வாங்கினால் நஷ்டம் கூடும். ஒரு முழம் மிஞ்சினால் 20 ரூபாய் போகிறது. ஒரு முழம் போதாமல் போனால் 10 ரூபாய் லாபம்தான் போகிறது. அதனால் மூன்று நாளில் இரண்டு நாள் பூ தீர்ந்துபோகும் அளவுக்கு அவர் குறைத்து வாங்க வேண்டும். கொள்முதல் 10 ரூபாயாக இறங்கினால் கதை தலைகீழ். அப்போது மூன்று நாளில் ஒரு நாள் மட்டும் தீர்ந்தால் போதும். புத்தகத்தில் இதன் பெயர் செய்தித்தாள் விற்பவர் கணக்கு. அந்த அம்மா நிகழ்தகவு என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார், ஆனால் முகூர்த்த நாளில் எவ்வளவு எடுப்பது என்று அவருக்குத் தெரியும்.

கணிதம் எவ்வளவு வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிளஸ் டூவில் படித்த அணிகள், நிகழ்தகவு, நேர்கோட்டின் சமன்பாடு, இவை புரிந்திருந்தால் எம்.பி.ஏ.வில் சமாளிக்கலாம். வணிகவியல் படித்த பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். இதையே முழுநேரமாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தனித்துறையே இருக்கிறது.

என் மாணவர்கள் இரண்டு பேர் ஒரு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் நான்கு காலைகள் உட்கார்ந்தார்கள். மக்கள் காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின்படி, ஒரே கவுண்டர் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் சராசரியாக 4 பேர் அங்கே இருப்பார்கள். அது 90 சதவீதமானால் 9 பேர், 95 ஆனால் 19 பேர். இந்தச் சூத்திரத்தோடுதான் போனார்கள். ஆனால் ஆட்கள் அப்படி ஒவ்வொருவராக வரவில்லை. இரண்டு டவுன் பஸ் அடுத்தடுத்து வந்து நின்றதும் நாற்பது பேர் ஒன்றாக இறங்கினார்கள். பத்து மணிக்கு மேல் சீட்டு கொடுப்பவர் சும்மா உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க இரண்டாவது கவுண்டர் வேண்டாம், காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஓர் ஆள் கூடுதலாக இருந்தால் போதும் என்று அறிக்கை எழுதினார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த இரண்டு பஸ்களும் வரும் நேரம் இருந்தது.

நன்றி, வணக்கம்.