கீமோ முடியப்போகிற வீட்டுக்கு

வணக்கம் நேயர்களே. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற கீமோ இன்னும் இரண்டுதான், கதிர் சிகிச்சை இன்னும் பத்து நாள்தான் என்று நாள் எண்ணுகிற கணவன் மனைவிமாருக்கு இன்றைய பேச்சு. முடியப்போகிறது என்றவுடன் வீடு கொஞ்சம் அசட்டையாகிவிடும். காய்ச்சல்மானியைத் தேடவேண்டியிருக்கும், கொப்பியில் எழுதுவது நின்றுபோயிருக்கும். உடம்போ அப்போதுதான் நன்றாகக் களைத்துப்போயிருக்கும். களைப்பும் கைகால் விறைப்பும் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே வரும். காய்ச்சல் ஆபத்து முதல் கீமோவில் இருந்ததுபோலவே கடைசிக் கீமோவிலும் இருக்கிறது.

காய்ச்சலைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லவேண்டும். அநேகமான கீமோ மருந்துகளில், மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில், கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களை கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். காலையும் மாலையும் டிஜிட்டல் காய்ச்சல்மானியால் பாருங்கள். 38 பாகை செல்சியஸ், பரனைட்டில் 100.4, காட்டினால் அது அவசர நிலை. விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்றும் இருக்கக்கூடாது. பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் காட்டாமல் குளிர்ந்து நடுங்கினாலும் இதே கதைதான்.

எங்கே போவது? முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். கீமோ ஏற்றிய இடம் அதுதானே என்று அங்கே ஓடவேண்டாம். பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ மன்னாரோ, முதலில் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அங்கே ஓபிடி வரிசையில் நிற்கவேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவில், "கீமோ ஏற்றி இன்றைக்கு பத்தாம் நாள், காய்ச்சல் 38க்கு மேல்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லி கிளினிக் கொப்பியை நீட்டுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறவேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. இந்த வாக்கியத்தை நோயாளி சொல்லமாட்டார், நடுங்கிக்கொண்டிருப்பார். நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வீட்டில் இபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் கையிருப்பில் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரத்தத்தை உறையவைக்கிற இரத்தத்தட்டு குறைந்திருக்கிற நேரத்தில் இரத்தக் கசிவு வரும், சிறுநீரகமும் அடிபடும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ள பகுதி என்பதையும் மறக்கவேண்டாம். சில கீமோ மருந்துகளும் சிறுநீரகத்தைத் தாக்குகிறவைதான். நாட்டு மருந்து, இலைச்சாறு, குடிநீர்ப்பொடி எதுவானாலும் கொடுக்க முன் கிளினிக்கில் காட்டுங்கள். ஏசுவார்கள் என்று மறைப்பதால் வருகிற கெடுதிதான் பெரிது.

சாப்பாடு. கொதித்தாறின தண்ணீர், மாரியில் வெள்ளம் ஏறி இறங்கிய கிணறென்றால் இன்னும் கவனம். அந்தச் சிவப்பு வட்ட நாட்களில் பழஞ்சோறு, வீட்டுப் பாலில் தோய்த்த எருமைத்தயிர், அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். சம்பல் அரைத்த உடனே சாப்பிடட்டும், மத்தியானம் மிஞ்சியதை இரவுக்கு வைக்கவேண்டாம். மூன்று நேரம் சோறு இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தரம் கொடுங்கள்: பயற்றங்கஞ்சி, நன்றாக அவித்த முட்டை, மீன் சொதி. வாய் புண்ணானால் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, ஒரு நாளைக்கு நாலைந்து தரம் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மிச்சத்தை அடுத்த நாளைக்கு வைக்காமல் புதிதாகக் கரையுங்கள். வாந்திக்குத் தருகிற ஒன்டன்செற்றன் மலச்சிக்கலை உண்டாக்கும். மூன்று நாள் போகவில்லையென்றால் கிளினிக்கில் கேளுங்கள். ஆசனவாயில் மருந்து வைக்கவோ எனிமா கொடுக்கவோ வேண்டாம், சின்னக் கீறல் போதும் கிருமி உள்ளே போக.

கீமோ ஏற்றிய 48 மணித்தியாலத்துக்கு வாந்தி, சிறுநீர், மலம் எல்லாவற்றிலும் மருந்து கலந்திருக்கும். துப்பரவாக்குகிறவர் கையுறை போடவேண்டும். கழிவறையில் ஒரு வாளிக்குப் பதில் இரண்டு வாளி ஊற்றுங்கள். அழுக்கான உடுப்பையும் விரிப்பையும் தனியாகத் தோயுங்கள். கணவன் மனைவிக்குள் உறவு வைப்பதானால் கொண்டம் போடுங்கள். சிகிச்சை நடக்கும்போது கர்ப்பமும் தங்கக்கூடாது. இதைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் அதிகம் என்பதால்தான் இங்கே சொல்கிறேன்.

கதிர் சிகிச்சை வேறு விதம். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ தங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை எடுக்கிறவர்கள் கடைசி வாரம் ஊர் நினைவில் ஒரு நாளை விட்டுவிடாதீர்கள். விட்ட நாள் சிகிச்சையின் பலத்தைக் குறைக்கும். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்ட மைக்கோட்டை உரசிக் கழுவவேண்டாம். அந்த இடத்தில் மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் பூசவேண்டாம். கதிர் முடிந்து ஒன்றிரண்டு கிழமையில்தான் தோல் மிக மோசமாகும். முடிந்த பிறகு இப்படி ஆகிறதே என்று பயப்படவேண்டாம், தோல் வெடித்தாலோ சீழ் வைத்தாலோ காட்டுங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் ஆளுக்குள் தங்காது. பிள்ளையைத் தூக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

இனி ஆண்களுக்கு ஒரு சொல். மனுசி படுத்தால் மச்சாளையோ அம்மாவையோ கூப்பிட்டு விட்டுவிட்டு, விறாந்தையில் போய் இருக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. கணவருக்கு வருத்தம் என்றால் மனைவி அப்படி இருப்பதில்லையே. காய்ச்சல்மானி பார்க்கவும், எந்தக் குளிசை எந்த நேரம் என்று அறியவும், கஞ்சி காய்ச்சவும் நீங்களே பழகுங்கள். இருமலோடும் தடிமனோடும் பார்க்க வருகிற சொந்தத்தைப் படலையிலேயே நிறுத்தும் வேலையும் உங்களுடையது. மாமா கோபித்தாலும் பரவாயில்லை. மனைவி எரிந்து விழுந்தாலும் உடனே மனத்தில் எடுக்கவேண்டாம். வாந்தி வராமல் கீமோவோடு தருகிற டெக்சமெதசோன் குளிசை நித்திரையைக் கெடுக்கும், ஆளைப் படபடக்கவைக்கும். காலையில் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று டொக்டரைக் கேளுங்கள்.

விறைத்த பாதத்தோடு வயலுக்கு இறங்கினால் முள் ஏறினதும் தெரியாது. செருப்புப் போடச் சொல்லி, ஒவ்வொரு இரவும் விளக்கைப் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். விறைப்புப் போகும் வரையில் மோட்டார்சைக்கிள் ஓடவிடாதீர்கள், பிறேக்கில் கால் பட்டதா என்பதே அவருக்குத் தெரியாது. களைப்பு மாதக்கணக்கில் இருக்கும். கீமோ முடிந்த கிழமையே காலபோக வயல்வேலைக்கு இறங்கச் சொல்லாதீர்கள்.

கடைசி நாளன்று கிளினிக்கை விட்டு வெளிக்கிட முன், கடைசியாக ஏற்றிய மருந்தின் பெயர், திகதி, அடுத்த கிளினிக் நாள், இரவில் அழைக்கக்கூடிய இலக்கம் நான்கையும் கொப்பியில் எழுதி வாங்குங்கள். கொப்பியையும், நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் அட்டையையும் போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றைப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள். மாரியில் நனைந்த அட்டையை ஒரு டொக்டராலும் வாசிக்க முடியாது. நன்றி, வணக்கம்.