பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் சேர்ந்து வாழும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொவிட் காலம் முழுவதும் வேலை செய்தவள் நான். முதியோர் இல்லங்களில் நடந்ததை எல்லோரும் பேசினோம், அழுதோம். இந்த வீடுகளைப் பற்றி நம்மவர்களிடையே பேச்சே எழவில்லை. அதனால்தான் இன்று வந்திருக்கிறேன்.

2020 ஏப்ரல் 10 முதல் மே 15 வரை, கற்றல் குறைபாடு (அறிவுசார் குறைபாட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) அல்லது ஓட்டிசம் உள்ளவர்களுக்கான சேவைகளில் பராமரிப்புப் பெற்றவர்களில் 386 பேர் இறந்ததாக இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம் அறிவித்தது. முந்தைய ஆண்டு அதே காலத்தில் இறந்தவர்கள் 165 பேர். அந்த நவம்பரில் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை இன்னும் கொடியது. கற்றல் குறைபாடு உள்ள 18 முதல் 34 வயதுக்காரர்கள், அதே வயதுடைய மற்றவர்களைவிட 30 மடங்கு அதிகமாக கொவிட்டால் இறந்திருந்தார்கள்.

வலிப்பு, நெஞ்சுச் சளி, பிறவி இருதயக் கோளாறு எல்லாம் காரணங்கள்தான். ஆனால் அவற்றோடு முடியவில்லை. மார்ச் 20ஆம் திகதி, தீவிர சிகிச்சைக்கு யாரை எடுப்பது என்பதற்கு ஒரு வழிகாட்டி வந்தது. நோயாளியின் தளர்ச்சிக்கு 1 முதல் 9 வரை புள்ளி. குளிக்க, உடுக்க இன்னொருவர் உதவி வேண்டுமென்றால் புள்ளி ஏறிவிடும்; ஏறினால் தீவிர சிகிச்சை கிடைக்கும் வாய்ப்புக் குறையும். முதுமையில் தளர்ந்தவர்களுக்காக உண்டாக்கிய அளவுகோல் அது. எங்கள் வீட்டில் ஒரு இளைஞர், சப்பாத்து நாடா கட்டத் தெரியாதவர். நீச்சல் குளத்தில் இறங்கினால் எங்களில் ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியாது. அவருக்கு எத்தனை புள்ளி போடுவது? குடும்பங்களும் அமைப்புகளும் கொதித்தெழுந்த பிறகு, 25ஆம் திகதி திருத்தினார்கள். எழுதும்போதே இவர்கள் யாருடைய நினைவுக்கும் வரவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே இளைஞர் காலை ஒன்பது மணியானால் கோட்டும் பையுமாக வாசலில் நிற்பார். பகல்நேர நிலையத்தின் வான் வரவேண்டும். நிலையத்தை மூடிவிட்டார்கள் என்பதை எப்படிப் புரியவைப்பது? தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கூட்டிவந்து கோட்டைக் கழற்றுவோம். முகக்கவசம் போட்ட எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சிரித்த முகத்தோடு எடுத்த படங்களை நெஞ்சில் குத்திக்கொண்டோம். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். உடம்பு சுட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. இடது காதைத் தட்டத் தொடங்கினால் காய்ச்சல் என்று எங்களுக்குத் தெரியும். வைத்தியசாலையில் அது யாருக்குத் தெரியும்?

தொடக்கத்தில் அம்புலன்ஸ் வாசலோடு எங்களை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தோம். கூட ஒருவர் இல்லாவிட்டால் கலங்கிப்போகும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுடன் ஒருவர் இருக்கலாம் என்று ஏப்ரல் 8ஆம் திகதி தேசிய சுகாதார சேவை எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளை அச்சிட்டுக் கதவருகில் ஒட்டிவைத்தோம்.

தடுப்பூசியிலும் இழுபறிதான். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களும் குறைபாடு கடுமையாக உள்ளவர்களும் முன்னுரிமை வரிசையில் இருந்தார்கள், மற்றவர்கள் இல்லை. பராமரிப்பு இல்லத்தில் வாழும் தன் சகோதரிக்கு முன்னதாகத் தனக்கு ஊசிக்கு அழைப்பு வந்ததை பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஜோ வைலி வெளிப்படையாகப் பேசினார். 2021 பெப்ரவரி 24ஆம் திகதி, குடும்ப வைத்தியரின் கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டில் உள்ள எல்லோரும் வரிசையில் சேர்க்கப்பட்டார்கள்.

பதிவேட்டில் உள்ளவர்கள். இங்கேதான் நம் வீடுகளுக்கு வருகிறேன். ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையை அறைக்குள் வைத்திருக்கும் தாய் தகப்பன்மார் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இல்லை. பெயரைச் சேர்க்கும்படி நாளைக்கே குடும்ப வைத்தியரிடம் தொலைபேசியில் கேளுங்கள். பதினான்கு வயதிலிருந்து வருடாந்த உடற்பரிசோதனை உண்டு, சளிக்காய்ச்சல் ஊசி இலவசம். ஹொஸ்பிட்டல் பாஸ்போர்ட் என்று ஒரு படிவம் இருக்கிறது, அதையும் வாங்கி நிரப்புங்கள். வலித்தால் பிள்ளை என்ன செய்யும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், மாத்திரையை எதோடு கொடுத்தால் விழுங்கும் என்பதையெல்லாம் எழுதுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தரும்படி வைத்தியரிடம் கேட்கலாம்.