அணுகுண்டு மேகத்தில் மாதிரி எடுப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். அணுகுண்டின் எரிபொருளில் எவ்வளவு பிளவுபட்டது என்று அறிய மேகம் முழுவதையும் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கொஞ்சம் சாம்பலில் உள்ள, பிளவில் உண்டாகும் மாலிப்டினம்-99 எத்தனை அணுக்கள் பிளந்தன என்று சொல்லும். பிளக்காமல் மிஞ்சிய யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் அதோடு ஒப்பிட்டால் விகிதம் கிடைத்துவிடும்.

அந்தச் சாம்பலை எடுத்து வருவதுதான் பாடு. 1952 நவம்பர் 1 அன்று பசிபிக்கின் எனிவெடோக் தீவில் அமெரிக்கா வெடித்த 'ஐவி மைக்' ஹைட்ரஜன் குண்டின் ஆற்றல் 10.4 மெகாடன். மேகம் 1,00,000 அடியைத் தாண்டிப் போனது. மாதிரி எடுக்கப் போன எஃப்-84ஜி போர் விமானங்கள் எட்டியதோ சுமார் 40,000 அடி, அதாவது காளான் வடிவ மேகத்தின் தண்டு மட்டும். இறக்கை முனைக் கலன்களின் முன்பக்கத்தில் சாம்பலைப் பிடிக்கும் வடிதாள் இருக்கும்.

வெடித்த கையோடு நுழைய முடியாது. நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும்: ஒரு மணி நேரத்தில் 100 என்றால் ஏழு மணி நேரத்தில் 10. ரொம்பவும் காத்திருந்தால் மேகம் கலைந்து, தாளில் ஒட்டுவது குறையும். ஐவி மைக் சோதனையில் ஜிம்மி ராபின்சன் என்ற விமானியின் விமானம் தண்டுக்குள் கட்டுப்பாடிழந்து சுழன்றது. மீட்டுவிட்டார். ஆனாலும் திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தார், உடல் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில், தரையிறங்கிய விமானத்தின் வெளிப்புறத்தை விமானி தொடக்கூடாது. ஃபோர்க்லிஃப்ட் மேடையை ஓரமாகக் கொண்டுவந்து அதன்மேல் இறக்குவார்கள். வடிதாளை நீண்ட கோல்களால் உருவி, சுருட்டி, ஈயப் பெட்டியில் போட்டு அமெரிக்க அணு ஆயுத ஆய்வகமான லாஸ் அலமோசுக்கு விமானத்தில் அனுப்புவார்கள். மாலிப்டினம்-99இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோகும் நேரம், 66 மணிதான், தாமதம் ஆகாது.

இந்தப் பானையில் இன்னொரு சிக்கல், சோறு ஒரே சீராக வேகாது. பிளவில் உண்டாகும் இன்னொரு பொருளான ஸ்ட்ரான்சியம்-89, முதலில் மூன்று நிமிட அரை ஆயுளுள்ள கிரிப்டான் வாயுவாக இருக்கிறது. அது மாறுவதற்குள் பெரிய துகள்கள் உறைந்துவிடுகின்றன. அதனால் பெரிய துகளில் ஸ்ட்ரான்சியம் குறைவு, பொடித் துகளில் அதிகம். ஒரே விமானத்தின் தாளை நம்பினால் கணக்கு பிசகும். பல உயரங்களிலிருந்து எடுத்தாக வேண்டும்.

ஐவி மைக் வடிதாள்களில் எதிர்பாராத ஒன்றும் சிக்கியது. யுரேனியம்-238 அணுக்கள் கண்ணிமைப்பதற்குள் 15 நியூட்ரான்களை விழுங்கி, பிறகு ஏழு பீட்டாச் சிதைவுகளுக்குப் பின் (ஒவ்வொன்றிலும் தனிமத்தின் எண் ஒன்று கூடும்) 99ஆம் தனிமமாகியிருந்தன. அதுதான் ஐன்ஸ்டீனியம். கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் முதலில் கண்டது 200 அணுக்களுக்கும் குறைவு. அது போதாமல், எனிவெடோக்கிலிருந்து பவளப்பாறைத் தூளை ஏராளமாக அள்ளி வந்து பிரித்தார்கள். அதில் 100ஆம் தனிமமான ஃபெர்மியமும் அகப்பட்டது.