குட்டையை மூடாதீர்கள்
(தோட்டத்து மாரியம்மன் ஆலயத் தீமிதித் திருவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் ஆலயத் தலைவர் டத்தோ அவர்களே, இந்த வெயிலிலும் பந்திங்கிலிருந்து வந்திருக்கும் நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மகளிர் பிரிவினரே, பெயர் விட்டுப்போனால் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளப் போகிற பெரியவர்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: மண் எப்படித் தீப்பிடிக்கிறது, புகையிலிருந்து பிள்ளைகளை எப்படிக் காப்பது, கோயில் குட்டையை ஏன் மூடக்கூடாது. தலைவர் தந்த பதினைந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் வணக்கத்திலேயே போய்விட்டது.

"நெருப்பில்லாமல் புகையாது" என்பார் என் அப்பா. ஊர்வம்புக்குச் சொல்கிற பழமொழியை அவர் மண்ணுக்குச் சொன்னார். தோட்டத்தில் முப்பது வருடம் காண், அதாவது வடிகால் வெட்டியவர். நம் காலுக்குக் கீழே இருப்பது கரிமண்; மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்பார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக இலையும் மரமும் தண்ணீரில் ஊறி, மக்காமல் சேர்ந்த மண் அது. செம்பனை நடுவதற்காகக் காண் வெட்டித் தண்ணீரை வடித்தால் அதுவே விறகாகிவிடும். மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே போகும். நாம் மிதிக்கிற பூக்குழிக்குக் கரை உண்டு, தாண்டினால் பால்குழி உண்டு. இந்தத் தீக்கு இரண்டும் கிடையாது.

2013 ஜூனில் ஜொகூரின் மூவார், லேடாங் மாவட்டங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அது சுமத்ராவிலிருந்து வந்த புகை. அடுத்த ஆண்டு வறட்சியில் நாம் சுவாசித்தது நம் காலடிப் புகை. குழாய்த் தண்ணீருக்கும் பங்கீடு வந்திருந்த நேரம்.

அப்போதுதான் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணிலிருந்து புகை எழுந்தது. தோட்டத்து எழுத்தரான கிராணி வந்து பார்த்தார். "புகைதானே, நெருப்பைக் காணோமே" என்றார். அப்பா ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவினார். அதன்மேல் தண்ணீர் தெளித்தார். தோசைக்கல்போலச் சுரீர் என்றது. "நெருப்பில்லாமல் புகையாது, ஐயா" என்றார். கிராணி ஒன்றும் பேசவில்லை. காண்வாயில் தண்ணீரை நிறுத்தும் கதவு உடைந்து கிடப்பதாக நிர்வாகத்துக்கு எத்தனை முறை எழுதியும் பதில் வராதது அவருக்கும் தெரியும்.

இரவு காற்றுத் திரும்பியது. லாலான் புல் பற்றி, அடுக்கி வைத்திருந்த மட்டைகள் பற்றி, கடைசி வீட்டு வேலிவரை வெளிச்சம். எல்லாரும் பள்ளித் திடலுக்கு ஓடினோம். சின்னம்மாவை மட்டும் காணோம். திரும்பி ஓடினால், வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். "நகையா, சின்னம்மா?" என்றேன். "நகை எங்கேடா இருக்கிறது எனக்கு?" என்று ஒரு மைலோ டின்னை இழுத்தார். உள்ளே அவருடைய சிவப்பு அடையாள அட்டை! இந்த நாட்டிலேயே பிறந்தவர். சாகும்வரை குடிமக்களுக்குரிய நீல அட்டை கிடைக்கவில்லை. அது வேறொரு மேடைக்கான கதை. ஒரு கையில் டின், மறு கையில் அடைக்கோழி. தூக்கிய கோழி என்னைக் கொத்த, நான் கத்த, "கத்தாதே, முட்டை கூமுட்டையாகிவிடும்" என்றார். முட்டை எங்கே என்று கேட்டேன். மடியைக் காட்டினார். ஒன்பது முட்டை!

தீயணைப்புப் படையின் பொம்பா வண்டி வந்தது, ஆனால் தோட்டப் பாதை இளகி, லயம்வரை ஏற முடியவில்லை. லயத்தைக் காப்பாற்றியது எது? இந்தக் கோயில் குட்டைதான். பம்பை அதில் இறக்கி, மூன்று நாள் இரவு பகலாக மண்ணை ஊறவைத்தார்கள். கரிமண் தீக்குத் தெளித்தால் போதாது, மூழ்கடிக்க வேண்டும்.

அந்தக் குட்டையை மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். டத்தோ அவர்களே, உங்கள் கொடையில்தான் இந்தக் கோபுரம் எழுந்தது. அதை நான் மறக்கவில்லை. திருவிழாவுக்கு வருகிற கார்கள் ஒரு நாள் பள்ளித் திடலில் நிற்கட்டும். தீ வந்தால் கார் நிறுத்துமிடத்தில் எதை இறைப்பது? போன வாரம்கூட இரண்டாம் காணருகே லேசாகப் புகை கண்டேன். பனி என்றார்கள். நெருப்பில்லாமல் புகையாது.

தலைவர் மணியடித்துவிட்டார். பிள்ளைகள், புகை, முகக்கவசம் எல்லாம் தலைமையாசிரியை அம்மா பேசுவார். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குட்டையில் தூர் வாருகிறோம். மண்வெட்டியோடு வாருங்கள். டத்தோ அவர்களுக்கு ரப்பர் சப்பாத்து நானே கொண்டுவருகிறேன்.