வேலைக்குச் சேர்ந்த வருடத்து வரிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. மறுநாள் ஜூன் 15, கம்பெனிகள் சம்பளக்காரர்களுக்கு ஃபார்ம் 16, அதாவது சம்பளமும் அதில் பிடித்த வரியும் எழுதிய சான்று, கொடுக்க வேண்டிய கடைசி நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போன கையோடு எங்கள் அலுவலகத்தில் கூட்டம் ஆரம்பித்துவிடும்.

கொஞ்ச காலமாக அந்தக் கூட்டத்தில் இளவட்டங்களும் வருகிறார்கள். பாம்பனிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஃப்ரீலான்ஸ் வேலை பார்த்தவர்கள், வருடத்தின் நடுவில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருப்பார்கள். "சார், கம்பெனியே டிடிஎஸ் பார்த்துக்குது. நான் எதுக்குத் தனியா ரிட்டர்ன் போடணும்?" இதுதான் கேள்வி. டிடிஎஸ் என்றால் பணம் கொடுப்பவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. ரிட்டர்ன் என்றால் வருடத்து வருமானத்தைக் காட்டி நாம் வரித்துறைக்குப் போடும் கணக்கு.

போடத்தான் வேண்டும். வரித்துறை பார்ப்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை கைக்கு வந்த மொத்தத்தை. கம்பெனிக்குத் தெரிந்ததோ, அது கொடுத்த சம்பளம் மட்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. ஒரு தம்பி அக்டோபர் வரை சென்னை கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து 4,80,000 ரூபாய் வாங்கினார். கொடுத்தவர்கள் 10 சதவீதம், அதாவது 48,000 ரூபாய், டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். நவம்பரில் மாதம் 50,000 சம்பளத்தில் வேலை. மார்ச் வரை இரண்டரை லட்சம். இப்படிப்பட்ட சாஃப்ட்வேர் வேலையின் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு சொல்கிறது. அது 2,40,000. சம்பளத்தில், சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் 75,000 நிலைக்கழிவு போக 1,75,000. ஆக மொத்தம் 4,15,000.

நான்கு லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம். வரி? 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் வேண்டாம் என்பதும் வேறு வேறு சமாச்சாரம். பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். சரி, அந்த 48,000? ரிட்டர்ன் போட்டால் அத்தனையும் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். போடாவிட்டால் சும்மா வராது. யாருடைய பணம் அது? ஏழு மாதம் ராத்திரி முழித்து வேலை செய்த தம்பியின் பணம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீழக்கரையில் ஒரு தங்கச்சி துபாய் கம்பெனிக்கு இதே சாஃப்ட்வேர் வேலை செய்து 16 லட்சம் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பணத்தில் இங்கே யாரும் டிடிஎஸ் பிடிப்பதில்லை. அதில் பாதி 8 லட்சம். அப்புறம் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதச் சம்பளம் 6 லட்சம், கழிவு போக 5,25,000. கம்பெனி இந்த ஐந்தேகால் லட்சத்தை மட்டும் பார்த்து, வரி ஏதும் பிடிக்காது. இரண்டையும் கூட்டினால் 13,25,000. வரியும், அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 81,900 ரூபாய். மார்ச் 15-க்குள் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டியது. ஜூலையில் வந்து கட்டினால் மாதம் 1 சதவீத வட்டியும் சேரும்.

வேலைக்குச் சேரும்போதே பழைய வருமானத்தைக் கம்பெனியிடம் சொன்னால், அதையும் சேர்த்துச் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. அவரவர் இஷ்டம், தாங்களே கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ரிட்டர்ன் போடும் படிவம், அதாவது ஐடிஆர். ஃபார்ம் 16 கையில் இருக்கிறதே என்று ஐடிஆர்-1 எடுத்துவிடக் கூடாது. அதில் தொழில் வருமானத்துக்கு இடமே இல்லை. மேலே சொன்ன பாதிக் கணக்குக்கு ஐடிஆர்-4. செலவுகளை எழுதி உண்மையான லாபத்தைக் காட்டுவதென்றால் ஐடிஆர்-3. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இந்தப் பாதிக் கணக்கு கிடையாது. அவர்களுக்கு 44ஏடி பிரிவு: வங்கி வழியாக வந்ததில் குறைந்தது 6 சதவீதத்தையும், ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் வருமானமாகக் காட்ட வேண்டும்.

படிவத்தைத் தொடும் முன் வரித்துறை தளத்தில் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டு அறிக்கைகளையும் இறக்கிப் பாருங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு பிடித்தார் என்று அதில் இருக்கும். நீங்கள் மறந்துபோன சின்ன வேலைகூட அங்கே பதிவாகியிருக்கலாம். ஜூலை 31-க்குள் முடித்துவிடுவது நல்லது. வரித்துறை அந்த வருடத்துக்குச் சொன்ன கடைசி நாளைத் தாண்டினால், டிசம்பர் 31 வரை போடலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000, மேலே போனால் 5,000 தாமதக் கட்டணம். போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து உறுதி செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு "ரீஃபண்ட் வரலையே" என்று வந்து நிற்பவர்கள் ஏராளம்.

அடுத்த வருடம் முழுக்கச் சம்பளம்தான், அப்போது ஐடிஆர்-1 போதுமா? பெரும்பாலும் போதும். ஆனால் பழைய பாக்கி ஏதாவது வந்ததா என்று பாருங்கள். பிப்ரவரியில் முடித்த வேலைக்கு ஜூனில் பணம் போட்டு, அதில் டிடிஎஸ்ஸும் பிடித்திருப்பார்கள். அப்படியென்றால் அந்த வருடமும் ஐடிஆர்-1 உதவாது.

ஃப்ரீலான்ஸ் காலத்தில் ஜிஎஸ்டி எண் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போய்விட்டால் அது தானாக மூடிக்கொள்ளாது. வரவே இல்லாவிட்டாலும் ரத்துக்கு விண்ணப்பிக்கும் வரை பூஜ்யக் கணக்கு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரத்துக்கு விண்ணப்பித்து, ஆணை வந்தபின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசிக் கணக்கையும் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.