மேடு ஏறும் குதிரைக்கு மூச்சு எப்படி வருகிறது?

[காட்சி: ஏற்காடு ஏரிக்கரை. பனி விலகாத காலை. சேணம் கட்டிய இரண்டு குதிரைகள்.]

குரல்: சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். இடப்பக்கக் குதிரை இந்த மேட்டிலேயே பழகியது. வலப்பக்கக் குதிரை சமவெளியிலிருந்து புதிதாக வந்தது. இரண்டும் ஒரே சரிவை ஏறட்டும், நாசியைக் கவனியுங்கள்.

[காட்சி: புதிய குதிரையின் விரிந்த நாசி, வியர்த்த கழுத்து.]

குரல்: ஓய்வில் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும். முழுப் பாய்ச்சலில் 220-ஐத் தொடும். அப்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டும். இவ்வளவு இருந்தும் இந்தப் புதிய குதிரைக்கு ஏன் மூச்சிரைக்கிறது?

தசைக்குத் தேவையான ஆற்றலை ஆக்சிஜனைக் கொண்டு மட்டும் ஈடுகட்ட முடியவில்லை. ஆகவே தசை தன்னிடமுள்ள கிளைக்கோஜனை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையை, ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கிறது. அப்படி உடையும்போது உண்டாகும் லாக்டேட் சேர்கிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, கால் தளர்கிறது. பழகிய குதிரையின் தசையிலோ ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகியிருக்கும், இரத்த நுண்குழாய்கள் அடர்ந்திருக்கும். அது பெரும்பாலும் கொழுப்பை எரித்தே மேடேறும். கிளைக்கோஜனை மிச்சம் பிடிக்கும்.

[காட்சி: லாயம். ஊறவைத்த கொள்ளு, புல்கட்டு.]

குரல்: தீர்ந்த கிளைக்கோஜன் மீண்டும் நிரம்ப, குதிரைக்கு 2, 3 நாட்கள்கூட ஆகும். மனிதத் தசை இதைவிட விரைவாக நிரப்பிக்கொள்ளும். கொள்ளு என்றால் வாய் திறக்கும் குதிரைதான். அதற்காக வாளி வாளியாகக் கொட்டினால் வயிற்றுவலிதான் வரும். புல்லைக் குறைக்காதீர்கள். பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கும். நெடுநேர நடைக்கு அதுவே எரிபொருள்.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. இதயமும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று பாரத்தைக் கூட்டினால், கால்தான் அடிபடும். மே மாதக் கோடை விழாவில் சவாரிக்கு விட வேண்டிய குதிரையைப் பொங்கல் கழிந்ததுமே மலைக்குக் கொண்டுவந்து, பாரமில்லாமல் நடக்கவிட்டுப் பழக்குங்கள்.

[காட்சி: தாடைக்கு அடியில் நாடி பார்க்கும் விரல்கள்.]

குரல்: சவாரிக்கு வருபவர்களே, ஏறும் முன் குதிரைக்காரரிடம் நாடி பார்க்கச் சொல்லுங்கள். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில், ஓய்வுக்குப் பிறகு துடிப்பு 64-க்கு இறங்கினால்தான் மேலே போக விடுகிறார்கள். கால் மணி நேரம் நின்ற பிறகும் 80-இலேயே இருந்தால், அந்தக் குதிரையின் மீது ஏறாதீர்கள்.