அம்பாசிடருக்கு டிஃபரன்ஷியல் மாற்றுவது

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார்களை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டுகிற ஆள் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இஞ்சினைப் பற்றிப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பின் ஆக்சிலின் நடுவே எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கும் டிஃபரன்ஷியலை எடுத்துக்கொள்கிறேன். அது ஊளையிடும் வரை யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை.

வண்டி அம்பாசிடர். மேற்கு வங்கத்தின் உத்தரப்பாரா ஆலையில் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் வாங்கி வைத்துச் சீர்படுத்துகிறவர்கள் குறையவில்லை. இதன் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. பின்னால் பட்டை ஸ்பிரிங், அதன் மேல் ஒரே குழாயாக ஆக்சில், நடுவில் டிஃபரன்ஷியல். வீட்டில் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது என்பது என் கட்சி.

இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? இஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியை, பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் சேர்ந்து சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடுகின்றன. அப்புறம், வண்டி திரும்பும்போது இந்தப் பெட்டிதான் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓட விடுகிறது. பின்சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.35 மீட்டர் இருக்கிறது. வண்டியை ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 8.5 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். வட்டம் சின்னதா பெரியதா என்பது பொருட்டே இல்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தச் சிக்கலுக்கு பிரான்சில் பெக்கியோர் என்பவர் 1820களிலேயே, நீராவி வண்டிக்காக, விடை கண்டுவிட்டார்.

சரி, சத்தத்துக்கு வருவோம். கழற்றுவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். கழற்ற வேண்டியது இதைத்தானா என்று கண்டுபிடிப்பதும், பதிலுக்குப் போடும் சாமானைத் தேர்ந்தெடுப்பதும்தான் பெரிய பங்கு. பின்னாலிருந்து சத்தம் வந்தால் உடனே "கிரவுன் போயிடுச்சு" என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். பொறுங்கள். முதலில் நல்ல தார் ரோட்டிலும் சொரசொரப்பான ரோட்டிலும் ஓட்டிப் பாருங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் சக்கர பேரிங். வண்டி கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் "டங்" என்றால், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி, அதன் மூட்டில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸில் ப்ளே, அதாவது தளர்வான ஆட்டம், இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் ஒரு கிராஸ் மாற்றியதோடு வேலை முடிந்துவிடும்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு ஸ்வரம், காலை எடுத்ததும் வேறு ஸ்வரம் என்று ஊளை மாறினால்தான் கிரவுன் பினியன் மீது சந்தேகப்படலாம். கால் அழுத்தினாலும் எடுத்தாலும் மாறாமல் உறுமினால் உள்ளே இருக்கும் பேரிங்குகள். கடைசியாக, ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் பசை பரவாயில்லை. செதில் செதிலாக இரும்பு வந்தால் இனி யோசிக்க ஒன்றுமில்லை.

இப்போது மாற்று சாமான். சென்னை என்றால் புதுப்பேட்டை. அங்கே பழைய டிஃபரன்ஷியலைக் கழுவி, பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள். பெயிண்டுக்கு மயங்க வேண்டாம். பினியனைக் கையால் சுழற்றுங்கள், கரகரப்பு இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா பாருங்கள். நீலம் என்றால் ஆயில் இல்லாமல் ஓடிச் சூடேறியது என்று அர்த்தம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாக உராய்த்துப் பொருத்தப்பட்டவை. "பினியன் மட்டும் தனியா தர்றேன் சார்" என்று யாராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

அப்புறம் பல்லை எண்ணுங்கள், இதில் சோம்பல் ஆகாது. கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்ற வேண்டிய சுற்றுகள், சுமார் 4.55. அதுவே 43க்கு 10 என்றால் 4.3. மோரிஸ், எம்ஜி வழியில் வந்த இந்த ஆக்சில் குடும்பத்தில் இரண்டும் உண்டு. 4.55 இருந்த இடத்தில் 4.3 போட்டால் நெடுஞ்சாலையில் இஞ்சின் நிதானமாகச் சுற்றும், மலை ஏறும்போது முனகும். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் நீங்கள் உண்மையில் 60இல் போகும்போது முள் 57 பக்கம் நிற்கும். உங்கள் வண்டியில் இப்போது எது இருக்கிறது என்று பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்டில் சாக்பீஸ் குறி போட்டிருந்தால் அது எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம்.

வேலை நாள். பின்பக்கம் முழுவதையும் தூக்கும்போது ஆக்சில் குழாயின் இரு முனையிலும், பட்டைக்குப் பக்கத்தில், இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு அல்ல, அவை சொல்லாமல் உடையும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஆயிலை இறக்கும் முன் ஊற்றுகிற பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து இறுகிக் கிடக்க, கீழ் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகளான ஷாஃப்டின் ஃபிளாஞ்சிலும் பினியன் ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். பிரேக் டிரம்மை எடுத்து, இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் வெளிப்பக்கம் உருவ வேண்டும். அவை வெளியே வராமல் நடுப்பகுதி அசையாது. பிறகு சுற்றியிருக்கும் நட்டுகளைக் கழற்றினால் மொத்த உருப்படியும் முன்பக்கமாக வரும். அது படுத்துக்கொண்டு மார்பின் மேல் வாங்குகிற எடை இல்லை. கீழே இன்னொரு ஜாக்கி கொடுத்து, துணைக்கு ஓர் ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காலியான ஹவுசிங்கை, அதாவது ஆக்சிலின் நடுக்கூட்டை, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய பல்லின் துகள் அடியில் கிடந்தால் புதியதையும் அதுவே தின்னும். குழாயின் மேலே இருக்கும் சின்ன மூச்சுத்துளையையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாகப் பிரேக்கில் எண்ணெய் கசியும். பேக்கிங் புதிதாகப் போடுங்கள், நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.

இந்த வேலையில் வீட்டில் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. பினியன் முன்னால் இருக்கும் பெரிய நட். அதன் இறுக்கத்தில்தான் பேரிங்கின் முன்அழுத்தம் நிற்கிறது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடும் ப்ளே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவுதான். ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து, பல்லில் நீல மை தடவித் தடம் பார்த்து அதைச் சரி செய்ய வேண்டும். அதற்குப் பழகின கையும், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜும் தேவை. முழு உருப்படியாக மாற்றுவதன் லாபமே இந்த வேலையை நாம் தொடாமல் தப்பிப்பதுதான்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இந்தக் கிரவுன் பினியனில் இருக்கும் வளைந்த ஹைப்பாய்டு பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே ஓடுபவை, சாதாரண ஆயில் படலம் அங்கே நிற்காது. அதற்கென்றே கந்தகமும் பாஸ்பரஸும் சேர்த்த 90 நம்பர் ஈ.பி. (மிகை அழுத்தம் தாங்கும்) ஆயில் உண்டு, நாற்றத்திலேயே தெரியும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஊற்றும் துளையில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் போதும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள், பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

முதல் ஓட்டம் மிதமாக இருக்கட்டும். நிறுத்தியதும் ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் தப்பு, மேலே ஓட்ட வேண்டாம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில நூறு கிலோமீட்டர் கழித்து அந்த ஆயிலை ஒருமுறை வடித்து, காந்தத்தை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். நன்றி, வணக்கம்.